ஒக்கலிபுரமும் ஓடும் ஊர்திகளும்

ஒக்கல் என்பது சுற்றத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். இல்வாழ்வான் ஓம்பவேண்டிய ஐவருள் ஒக்கலையும் ஓரிடத்தில் வைத்தார் வள்ளுவர். கன்னட மொழியிலோ 'ஒக்கலு' என்பது குடித்தனத்தையும் வேளாண்மையையும் சுட்டும். பெங்களூர் மாநகரில் உள்ள ஒக்கலிபுரம் இவற்றுள் எதனால் பெயர் பெற்றது என்னும் ஆராய்ச்சியில் இறங்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் ஒருவர் வந்து, தம்பியை அழைத்து, தம்பி மைத்துனனை அழைத்து, இவ்வாறு சுற்றம் சுற்றத்தைக் கைப்பிடித்து வந்து குடியேறிய ஒரு பகுதிக்கு, இதனினும் இசைவான ஒலியுடைய பெயர் வாய்த்திருக்க இயலாது என்று தமிழ்ச் செவி எண்ணி மகிழ்வதில் பிழையில்லை.

அச்சுற்றத்தைக் கொணர்ந்து சேர்த்தது புகைவண்டி. ஒக்கலிபுரத்தின் இருப்பிடமே இதற்குச் சான்று. பெங்களூர் நகரத் தலைமைப் புகைவண்டி நிலையத்திலிருந்து புறப்படும் பாதைகள் சற்றுத் தொலைவிலேயே பிரிகின்றன. ஒன்று கிழக்கே வளைந்து தண்டு நிலையம் வழியாகச் சென்னைக்குச் செல்கிறது. மற்றொன்று வடக்கே மல்லேஸ்வரம், யஷ்வந்த்பூர் வழியாகத் தும்கூருக்குச் செல்கிறது. அப்பிரிவை ஒட்டியே ஒக்கலிபுரம் அமைந்துள்ளது. நிலையத்தின் மறுபுறத்திலோ, மெஜஸ்டிக் என்று ஊரார் வழங்கும் மாபெரும் பேருந்து நிலையம். ஆக, தென்னாட்டின் பெரும் போக்குவரத்து மையங்களுள் ஒன்று இப்பகுதியின் வாயிலிலேயே நிற்கிறது எனலாம்.

இவ்வளவு அருகில் இருந்தும் இப்பகுதி மக்கள் மூன்று தலைமுறைக் காலம் பெரும்பாலும் நடந்தே சென்றனர். இம்முரண்பாடே இக்கட்டுரையின் பொருள். ஊர்திகள் எந்தெந்த ஆண்டில் வந்தன என்று பட்டியலிடுவது எளிது. அவை யாருக்காக வந்தன, யாரைத் தாண்டிச் சென்றன என்று கேட்கும்போதுதான் வரலாறு வாய் திறக்கிறது.

இருப்புப்பாதையின் வருகை

தென்னிந்தியாவின் முதற் புகைவண்டி 1856-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடியது. ஆர்க்காட்டு மண்ணைத் தொட்ட அப்பாதை மேலும் மேற்கே நீண்டது. சோலையார்பேட்டையிலிருந்து கிளையொன்று பிரிந்து 1864-ஆம் ஆண்டில் பெங்களூரை அடைந்தது. பெங்களூர் என்றால் நகரம் அன்று, தண்டு. ஆங்கிலேயர் 1809-ஆம் ஆண்டில் தம் படைப்பிரிவைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து மாற்றி அமைத்த இராணுவக் குடியிருப்பே தண்டு என வழங்கப்பட்டது. அல்சூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தமிழர் பெருகியது அப்படையைத் தொடர்ந்துதான். கெம்பேகவுடர் 1537-ஆம் ஆண்டில் நிறுவிய பழைய நகரம், தண்டிலிருந்து சில கல் தொலைவில் மேற்கே தனித்து இருந்தது. சென்னையின் வண்டி முதலில் படைவீரருக்கும் அவர்தம் சரக்குக்குமாக வந்தது. நகரத்தாருக்கு அது அயலூர் வண்டியே.

பின்னர் வந்தது பெரும் பஞ்சம். 1876 முதல் 1878 வரை மைசூர் நாட்டையும் சென்னை மாகாணத்தையும் ஒருசேர வாட்டிய அக்கொடுமையை, தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். பசியால் வாடிய மக்களுக்கு வேலை கொடுக்க வேண்டி அரசு மேற்கொண்ட பணிகளுள் ஒன்று பெங்களூர் – மைசூர் இருப்புப்பாதை. மண்சுமந்தவர்க்குக் கூலி கிடைத்தது. நாட்டிற்குப் பாதை கிடைத்தது. 1882-ஆம் ஆண்டில் அப்பாதை மைசூரை எட்டியது. அக்காலத்துத் திவான் இரங்காசார்லு, செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்தவர் என்பதையும் ஈண்டு நினைவு கூரலாம். 1884-ஆம் ஆண்டில் வடக்கே தும்கூர் வரையும் வண்டி ஓடிற்று. தண்டிலிருந்து அகலப்பாதையும் நகர நிலையம் வரை நீட்டப்பெற்றது. இவ்வாறு ஏறத்தாழ இருபதாண்டுக் காலத்தில் ஒக்கலிபுரத்தின் இருபுறமும் தண்டவாளங்கள் படிந்துவிட்டன.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சென்னையிலிருந்து வந்தது அகலப்பாதை. மைசூருக்கும் தும்கூருக்கும் சென்றது மீட்டர் பாதை. ஒன்றில் ஓடும் வண்டி மற்றொன்றில் ஓடாது. ஆகவே நகர நிலையத்திற்கு வரும் சரக்கு அனைத்தையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி, மனிதர் முதுகிலேற்றி, மறு வண்டியில் அடுக்க வேண்டும். பாதையின் அகலம் மாறிய இடத்தில் எல்லாம் சுமையாட்களுக்கு வேலை பிறந்தது. பொறியாளர்க்கு இடையூறான அந்த வேறுபாடு ஏழைக் குடும்பங்களுக்கு அடுப்பெரியச் செய்தது. மைசூர்ப் பாதை அகலப்பாதையாக மாறி முடிந்தது 1990-களில்தான். நூறாண்டுக்கும் மேலாக நிலையத்தைச் சுற்றி உழைப்பாளர் குடியிருப்புகள் செறிந்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

பாதையோடு நோயும் வந்தது. 1898-ஆம் ஆண்டில் பெங்களூரைத் தாக்கிய கொள்ளைநோய், ஹூப்ளிப் பக்கத்திலிருந்து புகைவண்டி வழியே வந்தது என்பது அக்காலத்தார் பதிவு. அதன் பின்னரே மல்லேஸ்வரமும் பசவனகுடியும் அகன்ற தெருக்களோடும் காற்றோட்டமான மனைகளோடும் புதிய விரிவுகளாக எழுந்தன. வசதி படைத்தோர் அவ்விடங்களுக்குப் பெயர்ந்தனர். தண்டவாளத்தை ஒட்டிய தாழ்நிலங்களுக்கு அத்தகைய திட்டம் எதுவும் வரவில்லை.

சங்கொலியும் கால்நடையும்

ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம் ஆகியவற்றின் வாழ்வை வகுத்தது ஆலைச் சங்கு. 1884-ஆம் ஆண்டில் தோன்றி, இரண்டாண்டில் பின்னி நிறுவனத்தின் ஆளுகைக்கு வந்த கம்பளி, பருத்தி, பட்டு ஆலை நிலையத்தின் தெற்கே நின்றது. வடக்கே மல்லேஸ்வரம் எல்லையில் மக்கள் ராஜா மில் என்று வழங்கிய மைசூர் நூற்பாலை. மேற்கே மினர்வா மில். இம்மூன்றிற்கும் இடையில் குடியிருந்த உழைப்பாளர்களில் வடஆர்க்காடு, தருமபுரி, சேலம் மாவட்டத் தமிழர் கணிசமானோர். குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் என்று அவர்தம் ஊர்ப்பெயர்களைக் கேட்டால், இருப்புப்பாதையின் நிலையப் பட்டியலைப் படிப்பது போலிருக்கும்.

எம் பாட்டனார் குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்து ஆலையில் சேர்ந்தவர். விடியற்காலையில் முதற் சங்கு ஊதும்போது எழுவார். இரண்டாம் சங்குக்குள் ஆலை வாயிலில் நிற்பார். இடைப்பட்ட தொலைவு முழுவதும் நடை. தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தால் நேரம் மிச்சம். சுற்றிச் சென்றால் உயிர் மிச்சம். அவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்று நான் கேட்டதில்லை. பாட்டியாரிடம் ஒருமுறை, "ஆயா, வீட்டுப் பக்கத்துலயே ரயிலு போவுதே, நீங்க ஏன் அதுல போவல?" என்று சிறுபிள்ளைத்தனமாகக் கேட்டேன். "சத்தம்தான்டா நமக்கு. ஏறிப் போறவங்க வேற" என்றார். அச்சொல்லின் பொருள் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

வேறு ஊர்தி இல்லையோ எனில், இருந்தது. நிலையத்தின் முன்னே ஜட்கா வண்டிகள் வரிசையாக நிற்கும். வைக்கோல் பரப்பி, அதன்மேல் விரிப்பிட்ட அவ்வண்டியில் முன்னும் பின்னும் எடை பார்த்து ஆட்களை அமர்த்துவதே வண்டிக்காரரின் கலை. ஆனால் ஜட்கா மூட்டை முடிச்சோடு ஊரிலிருந்து வருவோர்க்கும், பிள்ளைப்பேற்றுக்குச் செல்லும் பெண்டிர்க்கும், திருமணத்திற்கும் உரியது. அன்றாட வேலைக்கு ஜட்காவில் சென்ற தொழிலாளியை யாரும் கண்டதில்லை.

டிராம் வண்டி சென்னைவாசிகளுக்கு 1895 முதல் 1953 வரை பழகிய ஊர்தி. பெங்களூரில் அது ஓடவே இல்லை. இத்தனைக்கும் சிவசமுத்திரத்து அருவியிலிருந்து 1902-ஆம் ஆண்டிலேயே கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டு சென்ற நாடு இது. 1905-ஆம் ஆண்டில் பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. மின்சாரம் சுரங்கத்திற்குச் சென்றது, விளக்குக்குச் சென்றது, ஆலைக்குச் சென்றது. மக்களை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு மட்டும் செல்லவில்லை. நகரம் சிறிது, நடந்தே கடக்கலாம் என்று கருதியிருக்கலாம். கால்கள் யாருடையவை என்பதைப் பொறுத்து அக்கருத்தின் நியாயம் மாறுபடும்.

சிவப்புப் பேருந்து

1940-ஆம் ஆண்டில் பெங்களூர்ப் போக்குவரத்துக் கம்பெனி என்னும் தனியார் நிறுவனம் நகரப் பேருந்துகளை இயக்கத் தொடங்கியது. அதே ஆண்டில்தான் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையும் நகரின் கிழக்கே தோன்றியது. போர்க்காலமும் அதன் பின்விளைவும் நகரை வீங்கச் செய்தன. 1941-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 4 இலட்சமாக இருந்த மக்கள் தொகை, பத்தே ஆண்டுகளில் ஏறத்தாழ 7¾ இலட்சமாயிற்று. 1949-ஆம் ஆண்டில் தண்டும் நகரமும் ஒரே மாநகராட்சியின்கீழ் வந்தன. அவ்வாண்டிலேயே, அன்று தலைமை ஆளுநராக இருந்த இராசாசி அவர்களின் பெயரால் ராஜாஜிநகர் தொழிற்புறநகர் தொடங்கப்பெற்றது. ஒக்கலிபுரம் அன்றுவரை ஊரின் ஓரம்; ராஜாஜிநகர் எழுந்தபின் அது நகரத்திற்கும் புறநகருக்கும் இடையிலான வழி ஆயிற்று. ஊரின் கடைசி வீடாக இருந்தது நடுக்கூடமாக மாறிய கதை இது.

வழி ஆனதால் பேருந்து வந்தது. மெஜஸ்டிக்கிலிருந்து ராஜாஜிநகர் செல்லும் பேருந்துகள் புகைவண்டிப் பாலத்தின்கீழ் நுழைந்து ஒக்கலிபுரத்தைத் தொட்டுச் சென்றன. சுஜாதா திரையரங்கம் ஊரார்க்கு நிறுத்தத்தின் அடையாளம். 1956-ஆம் ஆண்டில் நகரப் பேருந்து அரசுடைமை ஆகிப் பெங்களூர்ப் போக்குவரத்துச் சேவை என்று பெயர் பெற்றது. பி.டி.எஸ். என்னும் அம்மூன்றெழுத்தை இன்றும் முதியோர் விடவில்லை. 1961-ஆம் ஆண்டில் மைசூர் மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகம் அமைந்தது. 1973-ஆம் ஆண்டில் மாநிலம் கர்நாடகம் எனப் பெயர் மாறியபோது கழகத்தின் பெயரும் மாறியது. 1997-ஆம் ஆண்டில் நகரப் பேருந்துகளுக்கென்று தனிக் கழகம் பிரிந்தது.

பெயர்கள் மாறியதை ஒரு பத்தியில் கூறிவிட்டேன். பேருந்துக்குள் நிகழ்ந்ததைக் கூற ஒரு பத்தி போதாது.

முன்வாயில் பெண்டிர்க்கு, பின்வாயில் ஆடவர்க்கு என்பது பெங்களூர் வழக்கம். சென்னையிலிருந்து வரும் உறவினர் இதனை அறியாது முன்வாயிலில் ஏறி, நடத்துநரின் கன்னட வசையை வாங்கிக் கொண்டு திரும்புவர். முகப்புப் பலகை கன்னடத்தில் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத எம் அன்னையார் கன்னட எழுத்தின் வடிவத்தைக் கோலத்தின் வடிவம் போல மனத்தில் பதித்து, எந்த வண்டி மார்க்கெட்டுக்கு, எந்த வண்டி சிவாஜிநகருக்கு என்று தவறாமல் சொல்வார். "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்ற நடத்துநரின் குரலே எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு முதற் கன்னடப் பாடம். தமிழ் வழியில் படித்த பிள்ளை கன்னடத்தில் சில்லறை கேட்கவும், உருது பேசும் முதியவருக்கு இடம் தரவும், தெலுங்கு பேசும் பூக்காரியிடம் கதை கேட்கவும் கற்றது அச்சிவப்பு வண்டியில்தான். இருமாடி வண்டி வந்துவிட்டால் மேல்மாடியின் முன்னிருக்கைக்குப் போட்டி நிகழும். அவ்வண்டிகள் 1990-களில் நகரத் தெருக்களிலிருந்து மறைந்தன. என் வயதொத்தோர் இன்றும் அவற்றைப் பற்றிப் பேசும்போது குரல் சற்று இளகுவதைக் கண்டிருக்கிறேன்.

ஆயினும் பேருந்து எல்லார்க்கும் ஒரே வகையில் வரவில்லை. இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, 1948-இல் தோன்றிய இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை, 1950-களிலும் 1960-களிலும் எழுந்த இயந்திரக் கருவி, மின்னணு, கைக்கடிகாரத் தொழிற்சாலைகள் ஆகியன தம் தொழிலாளருக்கென்று தனிப் பேருந்துகளை இயக்கின. விடியற்காலையில் தெருமுனையில் நின்றால், குறித்த நேரத்தில் கம்பெனி வண்டி வரும். மாலையில் அதே முனையில் இறக்கிவிடும். சீருடை, உணவுக்கூடம், கம்பெனி வண்டி மூன்றும் சேர்ந்ததே பெருமை. பெண் பார்க்கச் செல்லும் வீட்டில், "மாப்பிள்ளை கம்பெனி பஸ்ல போறவரு" என்று சொன்னால் அதற்குமேல் சம்பளத்தை யாரும் கேட்டதில்லை.

ஆலைத் தொழிலாளிக்கு அத்தகைய வண்டி இல்லை. அவன் ஆலையருகே குடியிருக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. தொலைவில் குடியிருந்தவரை ஊர்தி தேடிச் சென்றது. அருகில் குடியிருந்தவர் நடந்தனர். ஆகவேதான் ஒக்கலிபுரத்திலும் ஸ்ரீராமபுரத்திலும் ஒரு சிறு அறைக்கு இத்தனை போட்டி இருந்தது. பேருந்துக் கட்டணத்தை மிச்சப்படுத்தும் வீட்டிற்கு, அம்மிச்சத்தை வாடகையாகக் கொடுத்தனர் என்று கணக்கிட்டால் தவறாகாது. காற்றும் வெளிச்சமும் குறைந்த அவ்வறைகளில் மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்ததற்கு அறியாமையைக் காரணம் காட்டுவோர், போக்குவரத்துக் கட்டணத்தை ஒருமுறை கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்டிர் நிலை இன்னும் கடிது. மல்லேஸ்வரம், சேஷாத்ரிபுரம், ராஜாஜிநகர் ஆகிய இடங்களில் காலையில் இரண்டு வீடு, மாலையில் இரண்டு வீடு என்று பாத்திரம் துலக்கியவர்கள் எங்கள் தெருவில் பலர். நான்கு நடைக்குப் பேருந்துக் கட்டணம் கொடுத்தால் ஊதியத்தில் மிஞ்சுவது என்ன? ஆகவே நடந்தனர். மழைக்காலத்தில் பாலத்தடியில் நீர் தேங்கிவிடும். முழங்காலளவு நீரில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் ஏந்திச் சென்ற அவர்களைப் பேருந்தின் சாளரம் வழியே பார்த்துக்கொண்டு நான் பள்ளிக்குச் சென்றிருக்கிறேன். என் பயணச்சீட்டுக்கான காசு அவர்களுள் ஒருவர் ஈட்டியது.

உறவைச் சுமந்த வண்டிகள்

அன்றாட வாழ்வுக்குக் கால். ஆண்டுக்கு இருமுறை ஊர் செல்லப் புகைவண்டி. இதுவே வழக்கு. பொங்கலுக்கும் ஆடிக்கும் நகர நிலையத்தின் நடைமேடை நம்மவரால் நிறையும். 1964-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளில் சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே பிருந்தாவன் விரைவுவண்டி ஓடத் தொடங்கியது. இரவு முழுதும் மெயில் வண்டியில் மூட்டையின்மேல் தலைசாய்த்துச் சென்றவர்களுக்கு, பகலிலேயே சென்று சேரும் அவ்வண்டி பெருவியப்பு. காட்பாடியிலும் அரக்கோணத்திலும் இறங்கிச் சிற்றூர்ப் பேருந்து பிடிப்போருக்கு அது ஒரு நாளை மிச்சமாக்கித் தந்தது. துக்கச் செய்தித் தந்தி காலையில் கிடைத்தால், மாலைக்குள் ஊர் சேரலாம் என்னும் நிலை வந்தது. புலம்பெயர்ந்த குடும்பத்தினர்க்கு இதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

சேலம், தருமபுரிப் பக்கத்தாருக்கு இவ்வசதி தாமதித்தே கிட்டியது. 1960-களின் இறுதி வரை அவர்கள் சோலையார்பேட்டையைச் சுற்றிக்கொண்டோ, ஓசூர் வழியே பேருந்திலோ வரவேண்டியிருந்தது. ஓசூர், தருமபுரி வழியாகச் சேலத்திற்கு மீட்டர் பாதை அமைந்த பின்னரே அவர்தம் ஊர் நேர்வழியில் இணைந்தது. 1990-களில் அப்பாதை அகலமாயிற்று.

இவ்வண்டிகள் மகிழ்ச்சியை மட்டும் சுமக்கவில்லை. 1991-ஆம் ஆண்டு டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானதை அடுத்து நகரில் மூண்ட கலவரத்தில், பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டோ, பூட்டவும் நேரமின்றியோ தமிழ்நாட்டிற்குச் சென்றன. பேருந்துகள் நின்றன. அன்றுவரை சுற்றத்தை அழைத்து வந்த பாதை அவ்வாரம் சுற்றத்தைத் திருப்பி அனுப்பியது. பெரும்பாலோர் சில கிழமைகளில் மீண்டனர். தம் வேலையும் வீடும் பிள்ளைகளின் பள்ளியும் இங்கேயே இருக்கையில் வேறெங்குச் செல்வர்? அண்டை வீட்டுக் கன்னடக் குடும்பத்தாரிடம் சாவியைக் கொடுத்துச் சென்றவர்களும் உண்டு. அச்சாவி பத்திரமாகத் திரும்பக் கிடைத்ததும் உண்டு. 2016-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் மைசூர்ச் சாலைப் பகுதியில், நிறுத்தியிருந்த தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட தனியார் பேருந்துகள் பல தீக்கிரையாயின. வண்டியின் பதிவெண்ணைப் பார்த்துச் சினம் கொள்ளும் காலம் அது. பதிவெண் பலகைகளைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஊர்தி வரலாறு எழுதுபவன் எரிந்த ஊர்தியை விட்டுவிடலாகாது.

தூணின்மேலும் மண்ணின்கீழும்

நகருக்குப் புதிய இருப்புப்பாதை வேண்டும் என்னும் பேச்சு 1980-களிலேயே எழுந்தது. 1983-ஆம் ஆண்டில் புறநகர்ப் புகைவண்டிக்கான பரிந்துரை ஒன்று எழுதப்பட்டது. 1990-களில் தூண்களின்மேல் இலகு வண்டி ஓட்டும் திட்டம் ஒன்று பேசப்பட்டு மறைந்தது. நடிகர் சங்கர் நாக் அவர்கள் நகருக்கு மெட்ரோ வேண்டும் என்று முனைந்தவர்களுள் முன்னோடி என்பர். 1980-இல் வெளியான 'ஆட்டோ ராஜா' படத்தால் ஆட்டோ ஓட்டுநர்களின் உள்ளங்கவர்ந்தவர் அவர். இன்றும் பல ஆட்டோக்களின் பின்புறம் அவர் படம் இருக்கும். ஆட்டோக்காரர் கொண்டாடும் மனிதர் மெட்ரோவைக் கனவு கண்டார் என்பது சுவையான முரண்.

2006-ஆம் ஆண்டில் மெட்ரோவுக்கு அடிக்கல் நாட்டப்பெற்று, 2011-ஆம் ஆண்டு அக்டோபரில் முதல் வண்டி பையப்பனஹள்ளிக்கும் மகாத்மா காந்தி சாலைக்கும் இடையே ஓடியது. நம் பகுதிக்கு அது வந்தது 2014-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாளில். சம்பிகே சாலையிலிருந்து பீன்யா வரை சென்ற அப்பாதையில் ஸ்ரீராமபுரம் ஒரு நிலையம். அங்கிருந்து தெற்கே மண்ணின்கீழ் மெஜஸ்டிக்கை இணைத்தது 2017-ஆம் ஆண்டு சூன் திங்களில்.

சம்பிகே சாலை நிலையத்தின் அருகே நிற்பது ஒரு பெரும் அங்காடி மாளிகை. நிலையத்தின் பெயரிலும் அதன் பெயர் இணைந்துள்ளது. அம்மாளிகை நிற்கும் நிலம் ராஜா மில் இருந்த நிலம். ஆலை நடந்த நாளில் அங்கே ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் நடந்து வந்தனர். அவர்களுக்கென்று ஒரு பேருந்து நிறுத்தத்தைக்கூடத் திட்டமிட்டு அமைத்தாரில்லை. ஆலை மூடி, தொழிலாளர் கலைந்து, அங்காடி எழுந்தபின் அதன் வாயிலில் மின்வண்டி நிற்கிறது. மினர்வா ஆலையும் பின்னி ஆலையும் இவ்வாறே ஓய்ந்தன. வேலை ஓய்ந்த இடத்திற்கு வண்டி வந்து சேர்ந்ததைக் கண்டு சிரிப்பதா, பெருமூச்செறிவதா என்று முதிய ஆலைத் தொழிலாளர் ஒருவர் என்னைக் கேட்டார். இரண்டும் செய்யலாம் என்றேன்.

ஒக்கலிபுரத்தின் பாலத்தடியும் மாறியது. 2010-களில் அங்கே குறுக்கீடில்லா எட்டுவழிச் சாலைப் பணி தொடங்கியது. வண்டிகள் மேலே ஓடிக்கொண்டிருக்கையில், தண்டவாளத்தின் அடியில் கற்காரைப் பெட்டிகளைத் தள்ளிச் செருகிப் பாதை அமைக்கும் கடினப் பணி. மாநகராட்சியும் இரயில்வேயும் சேர்ந்து செய்ய வேண்டியிருந்தமையால் அது ஆண்டுக்கணக்கில் நீண்டது. பாதையோ ராஜாஜிநகரிலிருந்து வரும் உந்துவண்டிகள் நிற்காமல் ஓட உதவும். ஒக்கலிபுரத்துக்காரர் அதனை நடந்து கடக்க வேண்டும். எட்டு வழிகளை நடந்து கடப்பது இரண்டு தண்டவாளங்களைக் கடப்பதினும் எளிதன்று என்பதை, கைக்குழந்தையோடு அவ்விடத்தில் நின்ற எவரும் அறிவர்.

மெட்ரோ வந்ததால் யார் பயனடைந்தார் என்று நிலையத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கல்லூரி மாணவியர் ஏறுகின்றனர். பீன்யாவின் தொழிற்கூடங்களுக்குச் செல்லும் இளைஞர் ஏறுகின்றனர். ஆலைத் தொழிலாளியின் பேரப்பிள்ளைகளே அவர்கள். இது சிறிய மாற்றமன்று. ஆனால் 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மெட்ரோக் கட்டணம் உயர்ந்து, மிகுதியான கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாயாயிற்று. அதற்கு முந்தைய திங்களில்தான் பேருந்துக் கட்டணமும் 15 விழுக்காடு ஏறியிருந்தது. பாத்திரம் துலக்கும் அம்மையார் மெட்ரோவில் ஏறக் காண்பது அரிது. அவர் ஏறுவது பேருந்தில். 2023-ஆம் ஆண்டு சூன் 11-ஆம் நாள் தொடங்கிய சக்தித் திட்டத்தால், கர்நாடகத்தில் வாழும் பெண்டிர் சாதாரண அரசுப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்லலாம். நூறு ஆண்டுகளாகக் காலால் அளந்த தொலைவை எங்கள் தெருப் பெண்கள் அன்றுதான் அமர்ந்து கடந்தனர். இலவசம் என்று எள்ளி நகையாடுவோர் உளர். பாலத்தடி நீரில் செருப்பைக் கையில் ஏந்திச் சென்றவர்களைப் பார்த்த கண்ணுக்கு அவ்வெள்ளல் புரிவதில்லை.

2022-ஆம் ஆண்டு சூன் 20-ஆம் நாள் புறநகர்ப் புகைவண்டித் திட்டத்திற்கும் அடிக்கல் நாட்டினர். 148 கிலோமீட்டர், நான்கு வழித்தடங்கள். சம்பிகே, மல்லிகே, பாரிஜாதா, கனகா என்று பூக்களின் பெயரே அவற்றுக்கு. அவற்றுள் சம்பிகே நகர நிலையத்தில் தொடங்கி, எங்கள் வீட்டுப் பக்கத்துத் தண்டவாளத்தை ஒட்டியே யஷ்வந்த்பூர் வழியாகத் தேவனஹள்ளி செல்லும். 1983-ஆம் ஆண்டில் எழுதிய பரிந்துரை பூப்பெயர் சூட இத்தனை ஆண்டுகள் ஆயின. இக்கட்டுரையை எழுதும் நாள் வரை அப்பாதைகளில் ஒரு வண்டியும் ஓடவில்லை.

திட்டமேதும் இன்றியே ஒரு புறநகர் வண்டி பல்லாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. அது கோலார் தங்கவயலிலிருந்து வரும் மாரிக்குப்பம் வண்டி. சுரங்கத்திற்கென்று பவுரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை 1894-ஆம் ஆண்டில் இட்ட சிறு கிளைப்பாதை அது. அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களும் பெரும்பாலும் வடஆர்க்காட்டுத் தமிழரே. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் சுரங்கம் மூடப்பட்டபின், அங்குள்ள இளைஞரும் பெண்டிரும் ஆயிரக்கணக்கில் அவ்வண்டியில் பெங்களூருக்கு வேலைக்கு வருகின்றனர். ஒருவழிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். இருள் பிரியுமுன் வீட்டைவிட்டுக் கிளம்பி, இருண்டபின் வீடு சேர்கின்றனர். தங்கம் எடுத்துச் செல்ல இட்ட பாதையில் இப்போது உழைப்பு ஏற்றிச் செல்லப்படுகிறது.

காலை வேளையில் நகர நிலையத்தில் நின்றால் அவர்களைக் காணலாம். சோற்று டப்பாவைப் பையில் இடுக்கிக்கொண்டு இறங்குவர். சிலர் மெட்ரோவை நோக்கிப் படியிறங்குவர். சிலர் பேருந்து நிலையத்தை நோக்கி விரைவர். வேறு சிலர் நிலையத்தின் பின்வாயில் வழியே வெளியேறி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ஒக்கலிபுரம் பக்கமாக நடக்கத் தொடங்குவர்.